தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்

புது தில்லி
16-11-1975, ஞாயிறு இரவு

அண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீ இருக்கும் இடத்துக்கு அப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. நான் சாந்தகுமாரி. எமர்ஜென்சிக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தாய் என்று உன்னைப் போலீஸ் வேனில் ஏற்றி நாலு மாதம் ஆகிறது. ஆகஸ்டில் நீ சிறையிலிருந்து போட்ட கார்டை அப்பா ஸ்டவ்வில் கொளுத்தினார். அது முழுக்க எரிவதற்குள் உன் வார்டு எண்ணைப் படித்துவிட்டேன். எழுதி வைக்கப் பயந்து, கணக்குச் சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

இங்கே உனக்குப் புது வாழ்க்கை ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நீ மெட்ராஸில் பெரியப்பா வீட்டில் தங்கி சி.ஏ. படிக்கிறாய். குவார்ட்டர்ஸ் முழுக்க அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். கீழ் வீட்டு ருக்கு மாமிக்கு மட்டும் உண்மை தெரியும். தெரிந்துகொண்டே தினமும் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "என்னடீ, மெட்ராஸ்லேருந்து லெட்டர் வந்துதா? அங்க சாப்பாடெல்லாம் கொழந்தைக்கு ஒத்துக்கறதாமா?" என்று கேட்கிறாள். சூடான வடையைப் பிட்டுத் தின்பதுபோல அவ்வளவு ருசித்துக் கேட்கிறாள். "ஒத்துக்குதாம் மாமி" என்று நானும் சொல்கிறேன். வேறு என்ன செய்ய?

மாமியின் புருஷன் மகாதேவன் மாமாதான் இப்போது அப்பாவுக்கு மந்திரி. உறவினர் யாராவது காவலில் இருக்கிறார்களா என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டுமென அப்பா ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "இல்லேன்னு எழுதிடுங்கோ சார், எவன் போய்ப் பாக்கப் போறான்?" என்றார் மாமா. அப்பா அன்றைக்கே எழுதினார், 'எவரும் இல்லை' என்று. நல்ல கையெழுத்தில், அடியில் கோடு கூடப் போட்டார். இருபத்தொரு வருஷம் வளர்த்த பிள்ளை இரண்டு சொல்லில் இல்லாமல் போய்விட்டான்.

உன்னைப் பார்க்க வர வேண்டும். விசாரித்தேன். பதினெட்டு வயது ஆகாதவர்கள் தனியாக வரக் கூடாதாம். நெருங்கிய உறவில் பெரியவர் ஒருவர் கூட வந்து, என்ன உறவு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா அப்பாவைக் கேட்காமல் பால் பூத்துக்குக் கூடப் போக மாட்டாள். அப்பாவிடம் உன் பெயரை எடுத்தால் தட்டு பறக்கிறது. நான் எழுதுவது தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கும்பகோணத்துக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பொய் சொல்லிச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அவர் இருமினால் கூடத் தாளைப் பாடப் புத்தகத்துக்குள் செருகுகிறேன்.

பதிலை என் வகுப்புத் தோழி ராஜம் வீட்டு முகவரிக்குப் போடு. பின்னால் எழுதியிருக்கிறேன்.

சாந்தா

---

28-11-1975

அன்புள்ள சாந்தா,

யாராவது கேட்டால் சி.ஏ. நன்றாகப் போகிறது என்று சொல். விடுதியில் கொஞ்சம் நெருக்கம். சப்பாத்தி மட்டும் மிகத் தரமானது, ஒன்றால் இன்னொன்றை வெட்டலாம்.

பயப்படாமல் எழுது, தமிழிலேயே எழுது. இங்கே கடிதங்களைச் சோதிக்கும் குமாஸ்தா இந்தியையும் இங்கிலீஷையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பான். உன் கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யே க்யா, ஜலேபி ஹை?" என்றான், இதென்ன ஜிலேபியா என்று. பத்து நாள் எங்கோ வைத்திருந்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான். தில்லியில் தமிழைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் தொப்பையைப் பற்றி நீயும் அம்மாவும் அவன் காதுபடவே எத்தனை பேசியிருப்பீர்கள்!

நம் தகப்பனாரைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. திரு. இராஜமாணிக்கம் அவர்கள் மேசைக்குப் பின்னால் பிறந்தவர். மேலதிகாரி தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார். அப்படிப்பட்டவர் சிறை வாசலில் வந்து 'நான் இவன் அப்பன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார் என்று நீ கனவு காணாதே. என்னோடு இருப்பவர்களில் ஒரு பீகார்க் கிழவருக்கு வாரம் தவறாமல் மகன் வருகிறான், ரிக்ஷா ஓட்டுகிறவன். அவனுக்குப் பென்ஷன் பயம் இல்லை.

நன்றாகப் படி.

கலியமூர்த்தி

---

7-12-1975, ஞாயிறு இரவு

அண்ணா,

உன் கடிதத்தை ராஜம் டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். அவளுக்கு இதெல்லாம் சினிமா மாதிரி இருக்கிறது. நான்தான் இட்லியைக் கீழே போட்டேன்.

அம்மா நீ போனதிலிருந்து வத்தக்குழம்பு வைப்பதில்லை. உனக்குப் பிடித்தது என்பதற்காகவாம். உனக்காக அவள் செய்யும் ஒரே வீரச் செயல் அதுதான். மற்றபடி புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பா மனசு சங்கடப்படும்டி, பேசாம இரு" என்கிறாள். அப்பாவுக்கு மனசு எங்கே இருக்கிறதென்று நானும் தேடுகிறேன். ஆபீஸ் விட்டு வருகிறார், ஸ்வெட்டரை மடிக்கிறார், ரேடியோவில் செய்தி கேட்கிறார். நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ரயில்கள் நேரத்துக்கு வருகின்றன என்று சொன்னால் தலையாட்டுகிறார். ரேடியோவுக்கு யாராவது தலையாட்டுவார்களா? அது பார்க்கப் போகிறதா?

நேற்று துணிந்து, "அப்பா, பதினெட்டு வயசு ஆகாட்டி ஆஸ்பத்திரி, ஜெயில் இங்கெல்லாம் தனியா உள்ள விட மாட்டாங்களாமே?" என்றேன். பொது அறிவுக் கேள்வி மாதிரிதான் கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பாடத்துல இதுவா கேக்குறான்?" என்றார். அப்புறம் மோரை ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான், நான் எழுந்து கைகழுவப் போய்விட்டேன். முதுகெலும்பை விற்று மோர் வாங்கிச் சாப்பிடுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

சாந்தா

---

19-12-1975

அன்புள்ள சாந்தா,

முதுகெலும்பும் மோரும் என்ற உன் வரியைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு இந்தியில் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து சிரித்தார். நீ எழுத வேண்டிய பெண்.

ஒரு முக்கியமான காரியம். கவனமாகப் படி.

(இங்கே இரண்டு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளன.)

அதைச் செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. இது அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. நம் அப்பாவின் மகளாக நடுங்காதே.

கலியமூர்த்தி

---

28-12-1975, ஞாயிறு இரவு

அண்ணா,

உன் கடிதத்தில் இரண்டு வரிகளை யாரோ மையால் அடித்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் வரை மை ஊறியிருக்கிறது. முன்னும் பின்னும் ஓர் எழுத்துக் கூடத் தொடாமல், சரியாக அந்த இரண்டு வரிகளை மட்டும் அடித்திருக்கிறார்கள். தெரியாத மொழியில் யாரும் அப்படி அடிக்க முடியாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் நம் கடிதங்களைப் படிக்கிறார், அண்ணா.

அப்படியானால் நான் எழுதியது எல்லாவற்றையும் படித்திருக்கிறார். ராஜம் வீட்டு முகவரி, அப்பா படிவத்தில் எழுதிய பொய், எல்லாம். வாசலில் சைக்கிள் நின்றால் போலீஸ் என்று நினைக்கிறேன். போலீஸ் வருவதைவிட, அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அதிக பயம். எழுதுவதை நிறுத்திவிடட்டுமா?

சாந்தா

---

9-1-1976

அன்புள்ள சாந்தா,

நிறுத்தாதே. விசாரித்துவிட்டேன். தமிழ்க் கடிதங்களை இங்கிருந்து ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்புகிறார்களாம். அங்கே தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா படித்து, 'ஆட்சேபம் இல்லை' என்று சீட்டு வைத்துத் திருப்புகிறானாம்.

எனவே இந்தப் பத்தி அந்தக் கனவானுக்கு. ஐயா, வணக்கம். எந்த ஊர் தங்களுக்கு? ஆயிரத்தைந்நூறு மைல் ரயிலேறி வந்து, ஒரு பள்ளிக்கூடப் பெண் அண்ணனுக்கு எழுதுவதை முகர்ந்து பார்க்கும் உத்தியோகம் கிடைத்திருக்கிறதே, வீட்டில் பாயசம் வைத்தார்களா? தங்கள் பிள்ளைகளிடம் என்ன வேலை பார்ப்பதாகச் சொல்கிறீர்கள்? நாய்க்குக் கூட மோப்பம் பிடித்தபின் குரைக்கும் ரோஷம் உண்டு. தாங்கள் மை தடவுகிறீர்கள்.

சாந்தா, அவன் அடித்ததையே மறுபடி எழுதுகிறேன். என்ன செய்கிறான் பார்ப்போம்.

(இங்கே இரண்டு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளன.)

கலியமூர்த்தி

---

18-1-1976, ஞாயிறு இரவு

அண்ணா,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் இன்னும் ராஜம் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் நான் படித்துவிட்டேன். நம் வீட்டிலேயே படித்தேன்.

பொங்கலுக்கு லீவு போட்டதில் தேங்கிய ஆபீஸ் வேலையை நேற்று அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கடைக்குப் போன நேரத்தில், சிவப்புப் பென்சில் தேடி அவர் பையைத் திறந்தேன். காக்கி உறைக்குள் உன் கையெழுத்து இருந்தது. அதோடு இங்கிலீஷில் டைப் அடித்த சீட்டு: தமிழ், படிக்கப்பட்டது, ஆட்சேபம் இல்லை. கீழே அப்பாவின் சின்னக் கையெழுத்து. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்தேன். பென்சில் எடுக்கவில்லை.

முதலில் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு வரிகளை அவர் இன்னும் மையால் அடித்திருக்கவில்லை, ஓரத்தில் கோடு மட்டும் இழுத்திருந்தார். அதனால் படித்தேன். யாரோ ஒருவர் அறைக்குப் போய்க் காகிதக் கட்டை வாங்கி வந்து என் கட்டிலடியில் வைக்க வேண்டுமா? அவர் பெயரையும் தெருவையும் எழுதியிருக்கிறாயே! அதுவும் ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை! ஆபத்தில்லை என்று உன்னால் எப்படிச் சொல்ல முடிந்தது? வேறு யார் படித்திருந்தாலும் அந்த ஆளும் நானும் இப்போது எங்கே இருப்போம்? வீரம் என்று நினைத்து எழுதினாயா? எனக்கு மடத்தனம் என்றுதான் தோன்றியது.

நாய், மோப்பம் என்று நீ திட்டிய பத்தியில் ஒரு கோடு கூட இல்லை. அதை அப்படியே விட்டிருக்கிறார்.

அவருக்கு நவம்பரிலிருந்தே தெரியும், அண்ணா. நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதும்போதெல்லாம் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, இது நாலு நாளில் தன் மேசைக்கு வரும் என்று தெரிந்துகொண்டு இருந்திருக்கிறார். டிசம்பரில் ஒருநாள் திடீரென்று அம்மாவிடம், "தாயம்மா, வத்தக்கொழம்பு வெச்சு ரொம்ப நாளாச்சே" என்றார். நான் அன்றைக்கு அவரை வெறுத்தேன். இன்றைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதை உனக்கு ரகசியமாகச் சொல்ல வழியே இல்லை. இந்தியில் எழுதினால் ஜெயில் குமாஸ்தா படிப்பார், அப்பாவின் பொய் வெளியே வந்து வேலை போகும். தமிழில் எழுதினால் அப்பா படிப்பார். ஆகவே அப்பா, படியுங்கள். நான் உங்களை முதுகெலும்பு இல்லாதவர் என்று எழுதியதையும் படித்துவிட்டீர்கள். அதை நான் திரும்ப வாங்கவில்லை. படித்துவிட்டு மோர் ஊற்றிக்கொள்ள உங்களால்தான் முடியும்.

சாந்தா

---

28-1-1976

சாந்தா,

இரண்டு நாள் உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அரசாங்கம் எவ்வளவு சிக்கனமானது பார், ஒரே ஆளை வைத்து எனக்கு அப்பாவும் காவலும்.

அந்த இரண்டு வரி பற்றி நீ சொன்னது சரி. தவறு என்னுடையது. ஆனால் அதற்காக அவர் உயர்ந்துவிட மாட்டார்.

திரு. இராஜமாணிக்கம் அவர்களே, உங்களுக்கு இது. மகன் இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள். சரி, பிழைப்பு. ஆனால் இல்லாத மகன் எழுதும் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறீர்கள். என்னை வேண்டாம் என்பவர் என் கடிதத்தையும் வேண்டாம் என்று இருக்க வேண்டும். பிப்ரவரி 18, புதன்கிழமை பார்வையாளர் நாள். சாந்தாவை அழைத்துக்கொண்டு வந்து பதிவேட்டில் உறவை எழுதுங்கள். வராவிட்டால், என் கடிதங்களைப் படிப்பவர் என் தகப்பனார்தான் என்று சூப்பரின்டெண்டுக்கு நல்ல இங்கிலீஷில் எழுதுவேன். இதையும் ஆட்சேபம் இல்லை என்று அனுப்பிவையுங்கள்.

கலியமூர்த்தி

---

8-2-1976, ஞாயிறு இரவு

அண்ணா,

அனுப்பிவைத்துவிட்டார். ஒரு புள்ளி மை இல்லாமல் வந்தது.

உனக்கு என்ன, நீ இங்கிலீஷில் எழுதிவிட்டு உன் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவாய். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். இங்கே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். ருக்கு மாமி மாடிப்படியில் நின்று எங்கள் பாத்திரங்களை எண்ணுவாள். அம்மா அழக் கூடச் சத்தம் போட மாட்டாள். எனக்குக் கும்பகோணம், அத்தை மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர். நீ அப்பாவை மேசைக்குப் பின்னால் பிறந்தவர் என்கிறாய். நீ மேடை மேல் பிறந்திருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். கேட்க ஆள் இருந்தால் யார் கழுத்திலும் கத்தி வைப்பாய்.

உன்னைப் பார்க்க வர வேண்டுமென்று இத்தனை மாதமாக ஏங்குகிறேன். இப்படி மிரட்டி வரவழைத்து அல்ல.

வீட்டில் அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை, நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சற்று முன் தண்ணீர் குடிக்க வந்தவர், நான் தாளை மறைப்பதைப் பார்த்தார். சொம்பை வைத்துவிட்டு, "குளிர்ல இந்தத் தரைல உக்காராத. உள்ள டேபிள்லயே எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை இப்போது டேபிளில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாந்தா

---

26-2-1976, வியாழன் இரவு

அண்ணா,

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ இருந்ததால், வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி ராத்திரி அப்பா, "சாந்தா, நாளைக்கு லீவு லெட்டர் எழுதிடு. காரணம் எதுவும் போட வேணாம்" என்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் புளியோதரை கிளறினாள். மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனோம். ஜன்னலில் இருந்த ஆள், "லட்கே கே கௌன் ஹோ ஆப்?" என்று, பையனுக்கு என்ன உறவு என்று கேட்டார். அப்பா பேனா மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். பின்னால் நின்ற ஓர் அம்மாள், "ஜல்தி கரோ பய்யா" என்று அவசரப்படுத்தி முதுகில் தட்டினாள். அவர் பதிவேட்டை இழுத்து, 'தகப்பன்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாப் படிவத்துக்கும் போடும் அந்த அழகான கையெழுத்து இல்லை. கோணலாக, தேதி கூடத் தப்பாக.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். இருபது நிமிஷம். நீ என்னிடம் பேசினாய், என் படிப்பைக் கேட்டாய், ராஜத்தைக் கேட்டாய். அவர் பக்கம் திரும்பவே இல்லை. "உடம்பு எளைச்சிருக்கே, தம்பி" என்றார். நீ உன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வரச் சொன்னவன் நீ. வந்தவரிடம் பேசுவதற்கு உன்னிடம் ஒரு சொல் கூட இல்லையா? துண்டுப் பிரசுரம் முழுக்க எழுத எப்படி வந்தது?

திங்கட்கிழமை ஆபீஸில் மெமோ கொடுத்துவிட்டார்கள். உறவை மறைத்து எழுதிக் கொடுத்தது ஒரு குற்றம். இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்க் கடிதம் படிக்க ஆள் வேண்டுமென்று சுற்றறிக்கை வந்தபோது யாரும் முன்வரவில்லையாம், அது கூடுதல் வேலை. இவர்தான் தானாக எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறார். உறவை மறைத்து அந்த வேலையைக் கேட்டது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். அதுவரை சஸ்பென்ஷன். மெமோவை நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அம்மா, "அப்பவே அவன் லெட்டர் எழுதுவான்னு தெரியுமா இவருக்கு?" என்று கேட்டாள். நான் மெமோவை மடித்து வைத்தேன்.

மகாதேவன் மாமா எங்களைத் தெரியாதவர் மாதிரி போகிறார். ருக்கு மாமி மெட்ராஸ் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நேற்று நானே மாடிப்படியில் அவளை நிறுத்தி, "மாமி, அண்ணன் மெட்ராஸ்ல இல்ல, ஜெயில்ல இருக்கான். சாப்பாடு ஒத்துக்கல" என்றேன். அவள் துணிக்கூடையைக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இந்தக் கடிதத்தை யார் படிப்பார்கள் என்று தெரியாது. வேறு ஒரு தமிழரைத் தேடிப் பிடிக்க எத்தனை வாரமோ. ஆகவே இது எப்போது உன் கைக்கு வந்தாலும், அதற்கு அடுத்த புதன்கிழமைக்காக எழுதுகிறேன்.

நேற்றும் புதன்கிழமை. எனக்குப் பரீட்சை. அவர் தனியாக வந்தார், நீ பேசவில்லை. நான் கேட்காமலே எனக்குத் தெரியும், அவர் சட்டையைக் கழற்றி மாட்டிய விதத்திலேயே தெரிந்தது. அம்மா வாசலிலேயே நின்று, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "நல்லாப் பேசினான்" என்றார். "சாந்தா பரீட்சை எப்படின்னு கேட்டான். ஸ்வெட்டர் வேணும்னான். ஒன் கைச் சாப்பாடு வேணும்னான்." அம்மாவுக்கு இத்தனை நாளில் முதல்முறையாக முகம் தெளிந்தது. இன்று காலையிலிருந்து உனக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொரு புதனும் அவர் இப்படித்தான் வந்து சொல்வார். நீ வாயைத் திறக்கும் வரை உன் பேச்சையும் அவரே பேசிக்கொண்டிருப்பார். ஸ்வெட்டர் வேண்டும் என்றாவது சொல்லிவிடு.

சாந்தா